கால் கறுப்பா, வெளுப்பா?

திருநகரிலிருந்து:

நண்பர்களே, ஈப்பிடிப்பான் குருவியைப் பார்த்த கதை எழுதச் சொன்னாலே எல்லோரும் அரசவால் ஈப்பிடிப்பானைத்தான் எழுதுவீர்கள். நான் எழுதப்போவது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பழுப்புக் குருவியைப் பற்றி.

அக்டோபர் கடைசி, முந்தைய இரவு நல்ல மழை. அழகர்கோயிலில் இறங்கி, பழமுதிர்ச்சோலைக்கு ஏறும் மலைப்பாதையில் நடந்தேன். முதல் வளைவிலேயே இட்லிப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது. பசியோடு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தபோது, எதிரே இடுப்பு உயரக் கிளையில் அது இருந்தது. சிட்டுக்குருவி அளவுதான். உருண்டைக் கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம். சட்டென்று பாயும், அலகு 'டப்' என்று மூடும், திரும்பி அதே கிளைக்கு வரும். பத்து நிமிடத்தில் ஏழு முறை எண்ணினேன். குறிப்பேட்டில் வழக்கம்போல 'பழுப்பு ஈப்பிடிப்பான்' என்று எழுதி மூடிவிட்டேன். ஒவ்வொரு பனிக்காலத்திலும் நம் பக்கம் வருவதுதானே என்ற அலட்சியம்.

வீட்டில் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் உறைத்தது. பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கால் கறுப்பு. இதற்கோ வைக்கோல் நிறம். கீழலகும் நுனிவரை மஞ்சள். அப்படியானால் இது பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான்! வடகிழக்கு இந்தியா, மியான்மர், தென்சீனப் பக்கம் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்தை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் கழிக்கிற பறவை. போகிற வழியில் அழகர்மலையில் இளைப்பாறியிருக்கிறது.

இதன் அறிவியல் பெயர் 'மஸ்கிகாபா முத்துயி'. அந்த முத்து நம்மவர்தான். இலங்கையில் அதிகாரியாக இருந்த எட்கர் லேயார்டிடம் வேலை பார்த்த தமிழர். பறவையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர் என்பதால், 1854இல் லேயார்டு அவர் பெயரையே வைத்தார். துரைமார் பெயரைச் சுமக்கும் பறவைகள் எத்தனையோ இருக்க, வேலைக்காரர் பெயரில் ஒன்று. அதைப் போய் இத்தனை வருடம் தவறாகவே எழுதியிருப்பேனோ என்று அன்று தூக்கம் வரவில்லை.

மேலூரிலிருந்து:

அண்ணன் கோபித்துக்கொண்டாலும் நான் அரசவாலைத்தான் எழுதுவேன். எங்கள் தோப்பில் பம்புசெட் தொட்டி இருக்கிறது. டிசம்பரில் ஒரு நாள், வெயில் சாய்கிற நேரம். மாங்கிளையிலிருந்து வெள்ளையாக ஒன்று தொட்டித் தண்ணீரில் விழுந்து எழுந்தது. மறுபடி கிளை, மறுபடி தண்ணீர். கருநீலத் தலை, கொண்டை, உடம்பைவிட நீளமான இரண்டு வால் இறகுகள். நனைந்த வாலை அலகால் நீவி நீவி உலர்த்தியது. கயிற்றுக் கட்டிலில் இருந்த அப்பத்தா, "வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் பறக்கிறது பாரடா" என்றார்.

அதே தோப்பில் குட்டை வாலோடு செம்பழுப்பாக ஒன்று சுற்றியது. பெண் என்றுதான் நினைத்தேன். ஆனால் இளம் ஆணும் அதே சாயலில்தான் இருக்குமாம். வால் நீளவே இரண்டு, மூன்று வருடம் ஆகும். வளர்ந்த ஆணிலும் செம்பழுப்பு, வெள்ளை என இரு நிறம் உண்டு. இன்னொன்று, பெயரில்தான் ஈப்பிடிப்பான். அசல் ஈப்பிடிப்பான் குடும்பமே வேறு.

ஒத்தக்கடையிலிருந்து:

வந்துபோகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கும் போகாமல் இங்கேயே கிடக்கும் டிக்கெல் நீல ஈப்பிடிப்பானை யாரும் சொல்லவில்லையே? அழகர்மலையில் நூபுர கங்கை ஊற்றுக்குப் போகும் வழியில், ஈரமான நிழலில், நீல முதுகும் ஆரஞ்சு மார்புமாக உட்கார்ந்திருக்கும். முதலில் காதில் விழுவது அதன் பாட்டுதான். கிண்கிணியென்று சிறிதாக இசைத்துவிட்டு நிறுத்திவிடும்.

திருநகரிலிருந்து:

எல்லாம் சரி. 'பழுப்பு ஈப்பிடிப்பான்' என்று நீங்கள் எழுதிவைத்த பழைய படங்களை எடுத்துக் கால் நிறத்தைப் பாருங்கள்.

மேலூரிலிருந்து:

பார்த்தேன், அண்ணே. நான்கு வருடத்தில் பதினொரு படம். ஒன்பதில் கால் கறுப்பு. இரண்டில் காலை இலை மறைத்துக்கொண்டிருக்கிறது.