பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் ஆபீஸும் டாலியும் புதுசுக்கு வருமா?

உசிலை ரைட்டர் ஆபீஸ் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் அப்பா பத்திர எழுத்தராக இருக்கிறார், டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. இப்போது இருப்பது நாலாவது தலைமுறை ஐ3 போட்ட பழைய சிஸ்டம், விண்டோஸ் 10. அதற்கு 2025 அக்டோபர் 14 உடன் மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திவிட்டார்கள், விண்டோஸ் 11 இந்த பிராசஸரில் ஏறாது என்று அதுவே சொல்லிவிட்டது, அதனால் மதுரையில் புதுசு ஒன்று வாங்கிவிட்டோம்.

பிரச்சினை இதுதான். பழையதில் ஆபீஸ் ஹோம் அண்ட் பிசினஸ் 2019 இருக்கிறது, கார்டு பெட்டியில் சீரியல் கீ வைத்து விற்றார்களே அது, காசு கொடுத்து வாங்கியது, பில்லும் பத்திரமாக இருக்கிறது. கடைக்காரர் “அது அந்த மிஷினோட முடிஞ்சது, மாத்த முடியாது, 500 ரூபாய் கொடுங்க, புதுசா லைஃப்டைம் ஒண்ணு போட்டுத் தர்றேன்” என்கிறார். எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஆபீஸ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்துப் புதுசில் போட்டாலே போதும் என்கிறான். யார் சொல்வது சரி?

அதே கம்ப்யூட்டரில் என் வீட்டுக்காரரின் உரக்கடைக் கணக்கும் டாலி பிரைமில் இருக்கிறது, ஒரே ஆள் பயன்படுத்தும் சில்வர் லைசென்ஸ். அதையும் கொண்டுபோக வேண்டும். பழைய சிபியுவைக் கடைக்காரரே எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகவும் ஃபார்மட் செய்துகொள்வதாகவும் சொல்கிறார். அதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அண்ணா நகர் சர்வீஸ்

அக்கா, முதலில் ஒன்று. எல்லாம் முடியும்வரை பழைய சிபியுவை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஃபார்மட் என்ற பேச்சே வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்களிடம் பில்லோடு இருப்பது ரீடெயில் லைசென்ஸ். அதை உங்களுக்குச் சொந்தமான இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தாராளமாக மாற்றலாம், லைசென்ஸ் ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. இரண்டே நிபந்தனைதான்: பழையதில் இருந்து எடுத்துவிட வேண்டும், 90 நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்றக் கூடாது. ஹார்டுவேர் பழுதாகிப் போனால் அந்த 90 நாள் கணக்கும் கிடையாது. கடைக்காரர் ‘மாத்த முடியாது’ என்று சொல்வதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. ஆபீஸ் 2013 வந்த புதிதில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டால் அதோடு சரி என்றுதான் விதி வைத்திருந்தார்கள், எல்லோரும் சத்தம் போட்டதும் அந்த ஆண்டு மார்ச்சிலேயே மாற்றிவிட்டார்கள். இன்னொன்று, கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் ஓஇஎம் ஆபீஸ் அந்த மிஷினோடு போய்விடும், அது உண்மை. நீங்கள் தனியாக வாங்கியது அந்த வகையில் வராது.

ஃபோல்டரைக் காப்பி செய்வது வேலைக்கு ஆகாது. ஆபீஸ் இன்ஸ்டால் ஆகும்போது ரெஜிஸ்ட்ரியிலும் லைசென்ஸ் சேவையிலும் நூறு இடத்தில் எழுதி வைக்கும், ஃபோல்டரில் இருப்பது வெறும் ஃபைல்கள்தான்.

செய்ய வேண்டியது இது. பழையதில் வேர்டைத் திறந்து ஃபைல், அக்கவுண்ட் என்று போங்கள். வலது பக்கம் எந்தப் பதிப்பு என்று இருக்கும், அதன் கீழேயே இந்த லைசென்ஸ் எந்த மெயில் ஐடிக்குச் சொந்தம் என்றும் காட்டும். 2019-ல் கீயை முதல் தடவை போடும்போதே அது ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்ந்துவிடும், அதனால் இனி அந்தக் கார்டைவிட மெயில் ஐடிதான் உங்களுக்கு முக்கியம். புதுக் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் தளத்தில் அந்த ஐடியால் உள்ளே போனால், வாங்கிய பொருள் வரிசையில் ஆபீஸ் 2019 நிற்கும், இன்ஸ்டால் பட்டனும் அங்கேயே இருக்கும். ஆனால் அதற்கு முன், புதுசில் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய மைக்ரோசாஃப்ட் 365 ஆபீஸ் டிரையல் இருந்தால் முழுதாக எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் ஒன்றோடு ஒன்று மோதி, காசு கட்டச் சொல்லி அந்த டிரையலே முன்னால் வந்து நிற்கும். நிறையப் பேர் லைசென்ஸ் போய்விட்டது என்று பயப்படுவது இதனால்தான்.

ஆக்டிவேஷனில் ‘கீயை அளவுக்கு மேல் பயன்படுத்திவிட்டீர்கள்’ என்று வந்தால் பதற வேண்டாம், பில்லை வைத்துக்கொண்டு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டில் பேசினால் முடித்துத் தருவார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஆபீஸ் 2019-க்கும் அதே 2025 அக்டோபர் 14-ல் சப்போர்ட் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ல் ஓடும், பாதுகாப்பு அப்டேட் மட்டும் வராது. கிளையன்ட் மெயிலில் அனுப்பும் வேர்டு ஃபைலையெல்லாம் திறக்கிற அலுவலகம் என்பதால் அடுத்த வருஷத்துக்குள் ஒரு புதுப் பதிப்புக்குக் காசு ஒதுக்கி வையுங்கள்.

---

சிம்மக்கல் ஆடிட்டர் ஆபீஸ்

அண்ணா நகர் தம்பி சொன்னது சரி. அந்த 500 ரூபாய் விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்களிடம் வரும் கடைக்காரர்கள் பாதிப் பேர் மிஷினில் அதுதான் இருக்கிறது.

500 ரூபாய்க்கு ‘லைஃப்டைம்’ என்று எதுவும் கிடையாது மேடம். பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த வால்யூம் கீயைப் பத்துப் பேருக்கு விற்பார்கள், அது ஒருநாள் முடக்கப்படும். இல்லையென்றால் கேஎம்எஸ் என்று ஒரு முறை இருக்கிறது, பெரிய அலுவலகங்கள் தங்கள் சர்வர் மூலம் ஆக்டிவேட் செய்துகொள்ள வைத்தது, ஒரு தடவை செய்தால் 180 நாள்தான் நிற்கும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். அந்த சர்வர் போலவே நடிக்கும் ஒரு சின்ன புரோகிராமை உங்கள் மிஷினுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டு, ஆன்டிவைரஸ் அதைப் பிடிக்காமல் இருக்க விலக்கும் கொடுத்துவிட்டுப் போவார்கள். உங்கள் மிஷினில் இருப்பது ஊரார் ஆதார் நகல், பான் நகல், கிரையப் பத்திரம். அதற்குள் யாரென்றே தெரியாத ஒருவர் எழுதிய புரோகிராமை விடலாமா? காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் கையில் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

இப்போது டாலி. இதில்தான் வரிசை மாறக் கூடாது. பழைய மிஷினில் நெட் இருக்கும்போதே எஃப்1 ஹெல்ப், செட்டிங்ஸ், லைசென்ஸ் என்று போய் ‘சரண்டர்’ கொடுக்க வேண்டும். அப்போதுதான் அந்த சீரியல் நம்பர் விடுபடும். அதன் பிறகு புதுசில் டாலியைப் போட்டு, அதே சீரியல் நம்பர், டாலி நெட் ஐடி, பாஸ்வேர்டு கொடுத்து ரீஆக்டிவேட் செய்யலாம், அன்லாக் கீ மெயிலுக்கு வரும். சரண்டர் செய்யாமல் ஃபார்மட் செய்துவிட்டால் அப்புறம் வாங்கிய டீலர், சப்போர்ட் என்று அலைய வேண்டி வரும்.

அதற்கும் முன்னால் அந்த டாலி நெட் ஐடி யாருடைய மெயில் என்று உங்கள் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கணக்குப்பிள்ளை மெயிலிலோ டீலர் மெயிலிலோ பதிந்திருப்பது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். அப்படி இருந்தால் முதலில் அவரைக் கூப்பிட்டு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அப்புறம் சரண்டர்.

கம்பெனி டேட்டாவை ஆல்ட் ஒய் அழுத்தி பேக்கப் எடுத்துப் பென்டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று வையுங்கள். டேட்டா வேறு, லைசென்ஸ் வேறு. டாலி அப்டேட்டுக்குக் கட்டும் டிஎஸ்எஸ் சந்தா முடிந்திருந்தால் புதுசில் இன்றைய தேதி வெளியீட்டை இறக்கிப் போடாதீர்கள், இப்போது பழையதில் எந்த வெளியீடு ஓடுகிறதோ அதையே போடுங்கள். சந்தா இல்லாமல் புதியதைப் போட்டால் எஜுகேஷனல் மோடுக்குப் போய்விடும், அதில் மாதத்துக்கு 1, 2, 31 தேதி மட்டும்தான் வவுச்சர் போட முடியும், உரக்கடைக்கு சீசன் நேரத்தில் அது கட்டுபடியாகாது.

---

திருப்பரங்குன்றம் டிடிபி

லைசென்ஸைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். தங்கச்சி, பத்திர வேலையில் இருப்பதால் கேட்கிறேன், ஃபைலெல்லாம் எந்த எழுத்துருவில் இருக்கிறது? வானவில் அவ்வையார் என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் ஆபீஸ் போட்டு முடித்ததும் முதல் ஃபைலைத் திறக்கும்போதே வயிறு கலங்கும், பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் குறியுமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று எண்ணி எதையும் சேவ் செய்துவிட வேண்டாம். பழையதின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து வானவில், பாமினி என்று நீங்கள் சேர்த்தவை எல்லாவற்றையும் எடுத்துப் புதுசில் ரைட் கிளிக் செய்து எல்லாப் பயனருக்கும் இன்ஸ்டால் என்று கொடுங்கள், சரியாகிவிடும். கீபோர்டு மென்பொருள் தனியாக வாங்கியதென்றால் அதற்கும் லைசென்ஸ் உண்டு, விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சாக்கில் பழைய பத்திரங்களையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசம், நல்ல கருவி, நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் பத்திரத்தில் கவனம். சொத்து விவரத்தில் சர்வே எண் 47/2 என்று போட்டு, பக்கத்தில் ஏ என்ற இங்கிலீஷ் எழுத்தை வேறு எழுத்துருவில் அடித்திருப்பீர்கள் அல்லவா, கன்வெர்ட்டருக்கு அது இங்கிலீஷ் என்று தெரியாது, அதையும் வானவில் எழுத்தாக நினைத்துத் தமிழாக்கிவிடும். நான்குமால் (நாலு பக்க எல்லை) எல்லாம் அழகாக வந்திருக்கும், உட்பிரிவு எண் மட்டும் வேறாக நிற்கும். அதனால் மொத்தமாக மாற்றாதீர்கள். ஒரு பார்ட்டி மறுபடி வரும்போது அந்த ஒரு பத்திரத்தை மட்டும் மாற்றி, மூலத்தோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

இன்னொன்று எல்லோரும் மறப்பது. இரண்டெழுத்து அடித்தால் ‘இன்று முதல் மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்று முழு வரியும் வந்து விழுகிற மாதிரி ஷார்ட்கட் வைத்திருப்பீர்கள். அதெல்லாம் ஆபீஸோடு வராது. ஆப்டேட்டா என்று மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் என்று போனால் நார்மல் என்ற டெம்ப்ளேட் ஃபைல் இருக்கும், ஆட்டோடெக்ஸ்ட் அதற்குள் இருப்பது. குவிக் பார்ட்ஸ் அதே மைக்ரோசாஃப்டுக்குள் டாகுமெண்ட் பில்டிங் பிளாக்ஸ் என்ற ஃபோல்டரில் பில்டிங் பிளாக்ஸ் என்ற ஃபைலில் இருக்கும். ஆட்டோகரெக்ட் பட்டியல் அதே மைக்ரோசாஃப்டுக்குள் ஆபீஸ் என்ற ஃபோல்டரில் ஏசிஎல் என்று முடியும் ஃபைலில் இருக்கும். வேர்டை மூடிவிட்டு மூன்றையும் எடுத்து, புதுசில் அதே இடத்தில் வையுங்கள். பல வருஷம் சேர்த்த வரிகள், திரும்ப உட்கார்ந்து அடிப்பது லேசு இல்லை.

---

மேலூர் வாசகர்

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போட்டுக்கொள்ளலாமே, லைசென்ஸ் வாங்கவே வேண்டாம். நான் கடிதம், கணக்கு எல்லாம் அதில்தான் செய்கிறேன்.

---

திருப்பரங்குன்றம் டிடிபி

புதிதாக அடிக்கிற வேலைக்கு நல்லது தம்பி, நானும் சொல்வேன். ஆனால் வேர்டில் அமைத்த பழைய பத்திரத்தை அதில் திறந்தால் வரி நகரும். முத்திரைத்தாளில் முதல் பக்கம் பாதிக்கு மேல் இடம் விட்டு அடிப்பது, அங்கே ஒரு வரி நகர்ந்தாலும் தாள் வீண், தாளின் விலை உங்களுக்கே தெரியும்.

---

உசிலை ரைட்டர் ஆபீஸ்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆபீஸ் என் தம்பியின் பழைய மெயில் ஐடியில் இருந்தது, அவனிடம் கேட்டு உள்ளே போனால் அண்ணா நகர் அண்ணன் சொன்ன மாதிரியே 2019 அங்கே நின்றது. புதுசில் இருந்த டிரையலை எடுத்துவிட்டு இன்ஸ்டால் செய்தேன், கீ எதுவும் கேட்காமலே ஆக்டிவேட் ஆகிவிட்டது. டாலியும் சரண்டர் செய்து புதுசில் வந்துவிட்டது, வீட்டுக்காரர் நேற்றே பில் போட ஆரம்பித்துவிட்டார். எழுத்துரு, ஷார்ட்கட் எல்லாம் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. பழைய கிரையப் பத்திரம் ஒன்றைத் திறந்தால் எழுத்து சரியாக இருக்கிறது, ஆனால் முதல் பக்கத்தின் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போகிறது. அதே வேர்டு, அதே எழுத்துருதான். அப்பா பார்த்துவிட்டு இதில் முத்திரைத்தாளை வைக்கவே கூடாது என்கிறார்.

---

திருப்பரங்குன்றம் டிடிபி

அப்பா சொல்வது சரி, இப்போதைக்கு வைக்காதீர்கள். வேர்டு பக்கத்தை அமைக்கும்போது டீஃபால்ட் பிரிண்டரையும் பார்த்துத்தான் அமைக்கும். புது கம்ப்யூட்டரில் பிடிஎஃப் பிரிண்டர்தான் டீஃபால்ட்டாக நிற்கும், அதை மாற்றி உங்கள் பிரிண்டரை வையுங்கள், டிரைவரும் கம்பெனி தளத்தில் இருந்து அந்த மாடலுக்கு உரியதையே போடுங்கள். அப்புறம் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் பேப்பர் அளவு ஏ4 என்று இருக்கும், லீகல் ஆக்குங்கள். வேர்டு ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டில் ஏ4 தாளுக்கு ஏற்ப அளவை மாற்று என்று ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். வானவில்லின் போல்டு எழுத்துரு தனி ஃபைலாக இருந்தால் அதுவும் வந்திருக்கிறதா பாருங்கள், அது இல்லையென்றால் வேர்டு தானாகத் தடித்துக் காட்டும், அகலம் மாறும்.

முதலில் வெள்ளை லீகல் தாளில் அடித்து, பழைய பத்திரத்தின் நகலோடு வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். வரிக்கு வரி உட்கார்ந்த பிறகு முத்திரைத்தாளை வைக்கலாம்.

---

அண்ணா நகர் சர்வீஸ்

அக்கா, இனி பழையதில் ஆபீஸை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். சிபியுவைக் கொடுப்பதாக இருந்தால் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள், நாலு ஸ்குரூதான். எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் குறைத்துத்தான் தருவார், பரவாயில்லை. சாதாரணமாக ஃபார்மட் செய்த டிஸ்க்கில் இருந்து பழைய ஃபைலை மீட்கும் மென்பொருள் எல்லோரிடமும் இருக்கிறது.