வடக்கு கரேலியா: நிஜமாகவே திட்டத்தின் வெற்றியா?

வேம்படியான்: பின்லாந்தின் வடக்கு கரேலியாவில் 1970 வாக்கில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி மேல் வெண்ணெய், எதிலும் உப்பு, கையில் சிகரெட். ஊர்க்காரர்களே அரசிடம் மனு கொடுத்து, 1972இல் இதயநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது. தலைமை பெக்கா புஸ்கா என்ற மருத்துவர். நோயாளிகளை மட்டும் பார்க்காமல், ஊரின் சாப்பாட்டையே மாற்றினார்கள். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வருமுன் காப்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கணக்குப்பிள்ளை: சான்றா? ஒப்பிடுவதற்குப் பக்கத்து குவோப்பியோ மாகாணத்தை எடுத்துக்கொண்டார்கள். திட்டம் இல்லாத அங்கேயும் மரணம் சரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1980களில் இதே பாணியில் செய்தபோது, ஒப்பீட்டு ஊர்களும் சேர்ந்தே தேறியதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. சேவல் கூவித்தான் விடிந்தது என்கிறீர்கள் சார்.

வேம்படியான்: குவோப்பியோவும் அதே நாடுதானே சார்? 1977க்குப் பிறகு திட்டமே நாடு முழுக்கப் போய்விட்டது. புகைப்பழக்கத்தைக் கைவிடச் சொல்லித் தொலைக்காட்சித் தொடரே வந்தது. பிறகு எப்படி வித்தியாசம் நிற்கும்?

சமையற்கட்டு: மாகாணக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். வேலை நடந்தது அடுப்படியில். மார்த்தா என்ற இல்லத்தரசிகள் சங்கத்துப் பெண்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, பழகிய பதார்த்தத்தையே கொழுப்பைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். வெண்ணெய் விற்காவிட்டால் பால் பண்ணைக்காரர் சும்மா இருப்பாரா? எதிர்ப்பு வரத்தான் செய்தது. அப்புறம் அவர்களுக்கு மாற்று வழியாகப் பெர்ரிப் பழச் சாகுபடியை வளர்க்கத் தனித் திட்டமே போட்டார்கள். அறிவுரையோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

கணக்குப்பிள்ளை: பெர்ரி கதை நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனால் சிகரெட் விளம்பரத்தைத் தடுத்தது சங்கமா? 1976இல் வந்த சட்டம். மருந்து, மாத்திரைக்கும் பங்கு உண்டே?

வேம்படியான்: உண்டு. 1982 முதல் 1997 வரையிலான மரணக் குறைவைப் பிரித்துப் பார்த்த ஆய்வில் சிகிச்சையின் பங்கு ஏறக்குறைய கால்வாசி. பாதிக்கு மேல் கொலஸ்ட்ரால், புகை, இரத்த அழுத்தம் குறைந்ததால்.

கணக்குப்பிள்ளை: இரத்த அழுத்தம் மாத்திரையிலும் குறையுமே.

வேம்படியான்: சரி, அதைக் கழித்துவிடுங்கள். கொலஸ்ட்ரால் 1970களிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சந்தைக்கு வந்ததே 1987இல். சாப்பாட்டை விட்டால் வேறெதைக் காரணம் சொல்வீர்கள்?

கணக்குப்பிள்ளை: சாப்பாடுதான், மறுக்கவில்லை. அதை மாற்றியது புஸ்காவின் ஆட்களா, கடைக்கு வந்த புதுச் சரக்கா என்பதுதான் என் கேள்வி.

சமையற்கட்டு: கொழுப்பு குறைந்த சரக்கைக் கொண்டுவரச் சொல்லிக் கம்பெனிகளிடம் போய் உட்கார்ந்ததும் அதே ஆட்கள்தான் தம்பி.