மறு: துண்டு இணைக்கும் நூலின் நிறத்துக்கு என்ன பெயர்?

> 'நடுநிலை நூல்' அல்லது 'மறைநூல்' என்று எழுதிவிடலாமே. இதில் என்ன குழப்பம்?

வணக்கம் ஐயா,

நம் குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) சொற்பட்டியலுக்காக, துண்டுகளை இணைக்கும்போது துணிமேல் தனித்துத் தெரியாத நூல்நிறத்துக்குத்தானே பெயர் தேடுகிறோம்? 'மறைநூல்' வேண்டாம். தையல் கற்க வந்தவர் வேதபாடம் நடக்கிறதோ என்று திரும்பிப் போய்விடுவார். நூல் என்ற சொல்லோடு இதுதான் தொல்லை, முன்னால் எதைச் சேர்த்தாலும் புத்தகமாகிவிடுகிறது.

'நடுநிலை'யில் எனக்குள்ள சிக்கல் வேறு: பொருளே தவறுகிறது. ஒரு குவில்ட்டில் முப்பது, நாற்பது துணிகள் வரலாம். ஒவ்வொன்றுக்கும் நூல் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் சாம்பலும் தந்த நிறமும் எப்போதும் கைவசம் இருக்கின்றன. ஆனால் அடங்கிப்போவது நூலின் தனிக்குணம் இல்லை, துணியோடு சேரும்போது நடப்பது. நீலம், பச்சை, சிவப்பு என்று நடுத்தர அடர்த்தியுள்ள துணிகளில் நடுச்சாம்பல் அடங்கும். அதையே வெள்ளைத் துணிகளுக்கு நடுவே ஓட்டினால் கோடு போட்டுக் காட்டும். அங்கே தந்த நிறம்தான் சரி. கறுப்பும் கருநீலமும் சேரும் இடத்தில் அடர்சாம்பல். பார்க்க வேண்டியது சிவப்பா பச்சையா என்பதைவிட வெளிரா அடரா என்பதைத்தான்.

நான் பட்டே தெரிந்துகொண்டேன். அடர்சிவப்பும் கருநீலமும் மாறி மாறி வந்த ஒரு விரிப்பை, கையில் இருந்த வெள்ளை நூலால் தைத்து, ஓரங்களை இருபுறமும் விரித்து இஸ்திரியும் போட்டேன். இணைப்பு ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பல் வரிசை! பிரித்துத் தைக்கப் பொறுமை இல்லை, அப்படியே கிடக்கிறது.

இன்னொன்று: நூல்கண்டைத் துணிமேல் வைத்து நிறம் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். கண்டில் நூல் அடர்ந்து தெரியும், தனி இழை வெளிறித் தெரியும். ஓர் இழையை உருவித் துணிமேல் போட்டுப் பார்க்க வேண்டும். நூல் மெலிவாக இருப்பதும் தையல் அடங்கக் கொஞ்சம் உதவும். இணைப்புக்குப் பலரும் எடுப்பது 50ஆம் எண் பருத்தி நூல் (எண் ஏற ஏற நூல் மெலியும்).

ஆகவே என் பரிந்துரை 'அடங்குநிறம்'. இதற்கு எதிர் 'எடுப்புநிறம்'. எடுப்பாக இருக்கிறது, அடக்கமாக இருக்கிறது என்று நிறத்தைப் பற்றி நாம் தினமும் பேசுகிறோமே, அதே சொற்கள்தான். துண்டுகளை இணைக்க அடங்குநிறம். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது தையலே அலங்காரம் ஆவதால், விரும்பினால் எடுப்புநிறம். இணைக்கும் வேலைக்கு 'மூட்டுதல்' போதும்; கைலி மூட்டுவது என்கிறோமே, அந்த மூட்டுதான்.

-----

> 'அடங்குநிறம்'

'அடங்கு' என்றதும் யாரோ அதட்டுவது போல இருக்கிறது. 'ஒளிநிறம்' எப்படி? ஒளிந்துகொள்ளும் நிறம். சின்னதாகவும் இருக்கிறது.

-----

> 'ஒளிநிறம்' எப்படி?

சொல் அழகுதான் ஐயா. ஆனால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் 'வெளிச்சமான நிறம்' என்று எடுத்துக்கொண்டு பளிச்சென்று ஒரு மஞ்சள் நூலைக் கோப்பார்கள். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். 'அடங்கு' அதட்டலாகக் கேட்பது தனியாக நிற்கும்போதுதான். 'ஏவுகணை' என்னும்போது 'ஏவு' என்று யாரும் கட்டளையிடுவதாகத் தோன்றுவதில்லையே, இதுவும் வினைத்தொகைதான், பழகிவிடும்.

பட்டியலில் இப்படிப் போடலாமா, பாருங்கள்:

அடங்குநிறம்: இணைக்கும் துணிகளின் மேல் தையல் தனித்துத் தெரியாதபடி, அவற்றின் அடர்த்தியை ஒட்டித் தேர்ந்தெடுக்கும் நூல்நிறம்.

வெளிர்துணியும் அடர்துணியும் சேரும் இடத்தில் மேல்நூல் ஒரு நிறம், பாபின் (இயந்திரத்தில் அடிநூலைச் சுற்றிவைக்கும் சிறு உருளை) நூல் வேறு நிறம் என்று வைப்பவர்களும் உண்டு. அப்போது இரண்டு அடங்குநிறங்கள் வரும், பன்மையிலும் சொல் உதைக்கவில்லை. 'பாபின்' பாபினாகவே இருக்கட்டும், அதற்கு யாரும் புதுப்பெயர் தேட வேண்டாம்.