ஏர்கான் ரூம்ல ராத்திரி என்ன நடக்குது? உங்க வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்க

செங்காங் தம்பி:
வணக்கம் சிங்கப்பூர் மக்களே. ரொம்ப நாளா எனக்கு ஒரு தொல்லை. காலைல எந்திரிச்சா மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கும், எட்டு மணி நேரம் தூங்கிட்டும் எம்ஆர்டி ரயில்ல கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டே தூங்குவேன். ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் எல்லாம் நார்மல்னு அனுப்பிட்டாரு, வீட்டுக்காரி நீ ராத்திரி போன் நோண்டுறதாலதான்னு தீர்ப்பே எழுதிட்டா. கூட வேலை பாக்குறவர்கிட்ட உள்ளங்கை அளவுல ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருந்துச்சு, நாம விடுற மூச்சு அடைச்ச ரூம்ல எவ்வளவு சேருதுன்னு காட்டும், சும்மா பாப்போமேன்னு இரவல் வாங்கிட்டு வந்து கட்டில் பக்கத்துல வச்சேன்.

நானு, வீட்டுக்காரி, நாலு வயசு மக, மூணு பேரும் ஒரே ரூம். ஜன்னல் கதவு எல்லாம் இறுக்கி அடைச்சு, கரண்ட் பில்லுக்குப் பயந்து கதவு இடுக்குல பழைய துண்டை வேற சுருட்டி வச்சிருப்பேன். படுக்கும்போது மீட்டர்ல 640 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 640 பங்கு. வெளிக்காத்துல 420 சொச்சம் இருக்கும், சரி பரவால்லன்னு படுத்தேன். ரெண்டு மணிக்கு முழிச்சுப் பாத்தா 1,900. காலைல ஆறு மணிக்கு 2,780! ஏர்கான் போட்ட ஆபீஸ் கட்டடத்துக்கு இங்க எஸ்எஸ் 554ன்னு ஒரு தரநிலை இருக்கு, வெளிக்காத்தை விட 700க்கு மேல ஏறக்கூடாதுங்குது. நாங்க அதை ராத்திரி பன்னெண்டுக்கு முன்னாடியே தாண்டியிருப்போம் போல.

இதுல கேவலம் என்னன்னா இத்தனை வருஷமா ஏர்கான் வெளிக்காத்தை இழுத்து குளிர வச்சுக் குடுக்குதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். வீட்ல மாட்டுற சாதாரண ஸ்ப்ளிட் ஏர்கான் ரூம் காத்தையேதான் திரும்பத் திரும்ப சுத்துது, வெளிய தொங்குற பெட்டி சூட்டை மட்டும்தான் வெளிய தள்ளுது. அப்ப ராத்திரி முழுக்க நாங்க மூணு பேரும் விட்ட மூச்சையே மாத்தி மாத்தி இழுத்துக்கிட்டு கிடந்திருக்கோம். பக்கத்துலயே ஏர் பியூரிஃபயர் வேற பச்சை லைட்டு காட்டிக்கிட்டு ஜம்முனு ஓடுது. அது தூசியைத்தான் பிடிக்கும், இந்த வாயுவை ஒண்ணும் பண்ணாது.

துண்டை எடுத்துட்டு கதவை நாலு விரல் திறந்து வச்சு ஹால் ஜன்னலையும் கொஞ்சம் திறந்து விட்டேன், மறுநாள் காலைல 1,080. தலைபாரம் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, மனப்பிராந்தியா நிஜமான்னு சத்தியம்லாம் பண்ண மாட்டேன். உங்க வீட்ல எப்படி?

ஈசூன் அக்கா:
தம்பி, உங்களுக்கு பெட்ரூம்னா எனக்கு அடுப்படி. பியூரிஃபயர் வாங்கின அன்னிக்கு புளிக்குழம்புக்கு தாளிச்சேன், ஹால்ல இருந்த மிஷினு செவப்பாகி ஏரோப்பிளேன் மாதிரி கத்த ஆரம்பிச்சிருச்சு, ரொம்பப் பொடித் தூசியோட அளவு, அதான் பிஎம் 2.5, முன்னூத்திச் சொச்சம். என் மாமியார் பயந்துபோயி சுவிட்சையே புடுங்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் சாம்பிராணி ஏத்துனா அதை விட ஜாஸ்தி காட்டுது. அதுக்காக சாமிக்குப் புகை போடாம இருக்க முடியுமா, இப்ப ஜன்னலைத் திறந்துட்டு அஞ்சு நிமிஷத்துல முடிச்சிர்றேன்.

கிச்சன்ல ஹூட் இருக்கேக்கா அப்புறம் என்னன்னு கேப்பீங்க. அதுதான் பெரிய கதை. ரெனோவேஷன் பண்ணின ஆளு ஹூட் நல்லா இழுக்கும்னு சொல்லி மாட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு, ஒன்றரை வருஷம் கழிச்சு மேல் கேபினட்டைத் துடைக்கப் போனா உள்ள குழாயே இல்ல! புகையை இழுத்து கரி ஃபில்டர் வழியா திரும்ப என் மூஞ்சிக்கே விடுற வகை. அந்த கரி ஃபில்டர் வாசனையை மட்டும் கொஞ்சம் குறைக்கும், அதையும் சில மாசத்துக்கு ஒருக்கா மாத்தணுமாம், யாரு சொன்னா நமக்கு. வாங்குறவங்க குழாய் வெளிய போகுதான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க.

இப்ப நான் பண்றது, பழைய டேபிள் ஃபேனை சர்வீஸ் யார்டு ஜன்னலைப் பாத்து வெளிப்பக்கம் ஊத விட்டுட்டு, ஹால் ஜன்னலைத் திறந்துருவேன். நெடி அந்தப் பக்கமா போயிருது. ஆனா அந்தப் பக்கம் துணி காயப் போட்டிருந்தா மகன் சட்டையெல்லாம் கருவாட்டு வாசம், ஸ்கூல்ல கேலி பண்ணியிருக்காங்க பாவம்.

பொங்கோல் புதுவீடு:
நாங்க பிடிஓ, அதாவது பதிஞ்சப்புறம் கட்டித் தர்ற அரசாங்க வீட்டுச் சாவி வாங்கி, கார்பென்ட்ரி முடிஞ்ச ரெண்டாவது வாரமே குடிபோயிட்டோம், வாடகை மிச்சம்னு. அலமாரியைத் திறந்தா கண்ணு எரியும். பலகை ஒட்டுற பசையில வர்ற ஃபார்மால்டிஹைடுங்குற வாயுவாம். வாசனை போக ஆப்பிள், எலுமிச்சை, வெங்காயம்னு ஆளாளுக்கு சொன்னாங்க, எல்லாம் அழுகினதுதான் மிச்சம். சூடும் ஈரப்பதமும் கூடினா அந்த வாயு இன்னும் ஜாஸ்தியா வெளிய வரும், மத்தியானம் வீட்டைப் பூட்டிட்டு வேலைக்குப் போய்ட்டு சாயங்காலம் வந்து கதவைத் திறந்தா முகத்துல அடிக்கும். அலமாரிக் கதவு, டிராயர் எல்லாத்தையும் திறந்து போட்டு ஃபேனை விட்டு மூணு மாசம் காத்தாட விட்டப்புறம்தான் குறைஞ்சுது. 2026 ஜனவரிலேர்ந்து வீட்டுக்குள்ள அடிக்கிற பெயிண்ட்ல இதுக்குத் தடை வந்திருக்கு, நல்ல விஷயம், ஆனா எங்களுக்கு வினை பலகையில இருந்துல்ல வந்துச்சு.

மணி பிளான்ட் நாலு வச்சா காத்து சுத்தமாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நாசா 1989ல சோதனை பண்ணினது அடைச்ச சின்னப் பெட்டிக்குள்ள, வீட்டுக்குள்ள இல்ல.

ஜூரோங் வெஸ்ட் அண்ணன்:
எல்லாரும் ஜன்னலைத் திற திறங்கறீங்க, நம்மூரு ஈரப்பதம் தெரியும்ல? நானும் அப்படித்தான் விடியக்காலைல ஏர்கானை ஆஃப் பண்ணிட்டு உடனே ஜன்னலை அகலத் திறந்துருவேன், ஆரோக்கியமாம். குளிர்ந்து கிடக்குற செவுத்துல வெளி ஈரக்காத்து பட்டா ஐஸ்தண்ணி கிளாஸ் வேர்க்குற மாதிரி வேர்த்துரும். செவுரோட ஒட்டி நின்ன அலமாரிக்குப் பின்னாடி முழுக்க கறுப்புப் பூஞ்சணம், என் கல்யாண பட்டுவேட்டில மஞ்சப்புள்ளி. இப்ப ஏர்கானை நிறுத்தி, முதல்ல ரூம் கதவைத் திறந்து சீலிங் ஃபேனை அரை மணி ஓடவிட்டு, செவுரு குளிர் விட்டப்புறம்தான் ஜன்னல். அலமாரியையும் செவுத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுட்டேன்.

அப்புறம் இந்தோனேசியாவுல காடு எரிஞ்சு வர்ற புகைமூட்டம். 2013 ஜூன் 21 மத்தியானம் காத்து மாசுக் குறியீடு பிஎஸ்ஐ 401 போச்சே ஞாபகம் இருக்கா? என் மகளுக்கு அப்ப ஒரு வயசு. என்95 மாஸ்க் எங்கயும் கிடைக்கல, ஈரத்துணிய ஜன்னல் இடுக்குல செருகிட்டு ஒரே ரூம்ல அஞ்சு பேரு. அப்ப இந்த மீட்டர் இருந்திருந்தா எவ்வளவு காட்டியிருக்குமோ, நினைச்சாலே மூச்சு முட்டுது. இப்பல்லாம் சுமத்ராப் பக்கம் எரிய ஆரம்பிச்சா 24 மணி நேர பிஎஸ்ஐயை நான் பாக்குறதில்ல, ஒரு மணி நேர பிஎம் 2.5 நம்பரைத்தான் பாப்பேன். 55 வரைக்கும் நார்மல்னு கணக்கு. அதுக்குள்ள இறங்குற நேரம் பாத்து பத்து நிமிஷம் எல்லாத்தையும் திறந்து விட்டுட்டு, திரும்ப அடைச்சு பியூரிஃபயரைப் போட்டுருவேன். அப்ப மட்டும் அக்காவும் தாளிப்பைக் கொஞ்சம் ஒத்தி வைக்கணும் 😄

ஈசூன் அக்கா:
குழம்பை ஒத்தி வச்சா எங்க வீட்ல மூச்சு முட்டாது, பசியில உசுரே போயிரும் அண்ணே.

செங்காங் தம்பி:
அண்ணே அந்த செவுரு வேர்க்குற மேட்டர் எனக்குத் தெரியவே தெரியாது, நேத்து மகளோட அலமாரிக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தேன், கீழ் மூலைல ஆரம்பிச்சிருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை நகத்திப் போடணும், தனியா முடியாது, பக்கத்து வீட்டு மலாய்க்காரரைத்தான் கூப்பிடணும்.

மீட்டர் கேட்டு தனியா மெசேஜ் போட்டவங்களுக்கு: ஆபீஸ்காரர்கிட்ட திருப்பிக் குடுத்துட்டு நானே ஒண்ணு வாங்கிட்டேன், ஆளுக்கு ஒரு வாரம் தர்றேன், செங்காங் எம்ஆர்டில வந்து வாங்கிக்கலாம். முதல்ல பொங்கோல், அடுத்து அக்கா. அக்கா, தயவுசெஞ்சு அடுப்பு பக்கத்துல வைக்காதீங்க, எண்ணெய்ப் பிசுக்கு பிடிச்சா போச்சு.