பன்னிரண்டு ஆண்டுப் பழைய மார்பக உள்வைப்புகளை அகற்றிவிடலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். 12 ஆண்டுகளுக்கு முன் இரு மார்பகங்களிலும் சிலிக்கோன் ஜெல் உள்வைப்புகளைப் பொருத்திக்கொண்டேன். கடந்த ஓராண்டில் இடப்பக்கம் மெல்ல மெல்ல இறுகி, இப்போது அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் விலா எலும்பின் மேல் கெட்டியான பந்து ஒன்று அழுத்துவதைப் போல வலிக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் இடது மார்பகம் ஒரு விரற்கடை மேலேறி நிற்கிறது. வலப்பக்கத்தில் ஒரு தொல்லையும் இல்லை. ஒன்றை மட்டும் எடுப்பதா, இரண்டையும் எடுப்பதா, மாற்றிப் புதியவற்றை வைத்துக்கொள்வதா என்று புரியாமல் தவிக்கிறேன்.

மறுமொழி 1:
சகோதரி, உள்வைப்பைச் சுற்றி உடல் இயல்பாகவே உருவாக்கும் தழும்புத் திசு உறை, சிலருக்கு இறுகிச் சுருங்கிவிடுவதுண்டு. நீங்கள் சொல்வது அதைப் போலத்தான் தெரிகிறது. மருத்துவர்கள் இதை பேக்கர் அளவுகோலில் நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். இறுக்கத்தோடு வடிவமும் மாறி வலியும் சேர்ந்தால் அது நான்காம் நிலை. ஆனால் முடிவெடுக்கும் முன் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சிலிக்கோன் உள்வைப்பு கிழிந்தாலும் ஜெல் பெரும்பாலும் உறைக்குள்ளேயே தங்கிவிடுவதால் வெளியே எதுவும் தெரியாமல் போகலாம். அறிகுறி இல்லாதவர்கள்கூட முதல் முறை 5 முதல் 6 ஆண்டுகளுக்குள்ளும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை.

அறுவை சிகிச்சையின்போது தந்த, உள்வைப்பின் வகையைக் குறிக்கும் அட்டையையும் தேடி எடுங்கள். சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையதென்று 2019இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அந்த வகையாகவே இருந்தாலும், அறிகுறி இல்லாதவர்கள் அச்சத்தால் மட்டும் அகற்ற வேண்டியதில்லை என்றே அப்போதும் அறிவுறுத்தினார்கள். திடீர் வீக்கமோ கட்டியோ தென்பட்டால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மறுமொழி 2:
நான் இரண்டையும் எடுத்துவிட்டு, புதிதாக எதையும் வைத்துக்கொள்ளவில்லை. கட்டைப் பிரித்த அன்று தோல் தொய்ந்து, மேற்பகுதி குழிந்திருந்ததைக் கண்டு அழுதுவிட்டேன். சில மாதங்களில் ஓரளவு தேறியது; ஆனால் பழைய வடிவம் திரும்பவில்லை. தோல் மிகவும் தளர்ந்திருந்தால் மார்பகத்தைத் தூக்கி நிறுத்தும் சிகிச்சையும் தேவைப்படலாம் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் வலி முழுவதும் நீங்கியது, நெடுநாள் சோர்வு நீங்கவில்லை. எல்லாக் குறைகளும் தீருமென்று நம்பி மேசையில் படுக்காதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மறுமொழி 3:
உள்வைப்போடு தழும்புத் திசு உறையையும் முழுதாக, ஒரே துண்டாக எடுத்தே தீர வேண்டும் என்று பலர் வற்புறுத்துவார்கள். மேலே சொன்ன நிணநீர்ப் புற்றுநோய் உறுதியானவர்களுக்கு அது அவசியம், மற்றவர்களுக்கு அப்படியல்ல. விலா எலும்போடு ஒட்டிய மெல்லிய உறையைச் சுரண்டி எடுக்கும்போது நுரையீரல் உறையில் காயம் படும் ஆபத்துண்டு. எவ்வளவு எடுக்கப்போகிறார், ஏன் என்று அறுவை மருத்துவரிடமே கேளுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பழைய கோப்பில் அட்டை கிடைத்துவிட்டது. மேற்பரப்பு வழவழப்பானது என்று அதில் இருக்கிறது. வியாழக்கிழமை எம்.ஆர்.ஐ. எடுக்கிறேன். கிழிசல் இல்லையென்றாலும் இடப்பக்கத்து உள்வைப்பு இனி வேண்டாம் என்பதில் தெளிவாகிவிட்டேன். வலப்பக்கத்தைப் பற்றி ஸ்கேன் முடிவைப் பார்த்த பிறகே மருத்துவரிடம் பேசுவேன்.