திம்பம் இறக்கத்துக்கு பழைய டி-மேக்ஸ்ல பின்னாடி ஸ்டெபிலைசர் பார் போடலாமா?

தாளவாடி லோடு:
வணக்கம்ங்க. 2016 மாடல் இசுசு டி-மேக்ஸ் பிக்கப், சிங்கிள் கேப், செகண்ட்ஸ்ல வாங்கினது. தாளவாடில இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளை, பூண்டு, சீசன்ல கோசு. திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு, கோசு மூட்டை கேபின் உயரத்த தாண்டிருச்சுன்னா வளைவுல சாயற சாய்வுக்கு பக்கத்துல உக்காந்திருக்கற பையன் கதவு கைப்பிடிய விடவே மாட்டேங்கறான். முன்னாடி ஸ்டெபிலைசர் பார் (சாய்வ கொறைக்க ரெண்டு பக்க சக்கரத்தையும் இணைக்கற கம்பி) கம்பெனியே குடுத்திருக்கு, பின்னாடி வெறும் பட்டை (லீஃப் ஸ்ப்ரிங்) தான். கோயமுத்தூர்ல ஒரு ஃபேப்ரிகேஷன் கடைல பின்னாடிக்கும் பார் செஞ்சு மாட்டித் தர்றோம்ங்கறாங்க. போடலாமா?

பட்டைக்கடை ஈரோடு:
வேண்டாம் தம்பி. பழைய வண்டி சாயுதுன்னா மொதல்ல கீழ படுத்து பாருங்க. பட்டை கண்ணுல (முனை வளையம்) இருக்கற ரப்பர் புஷ் தேஞ்சு ஓவலா ஆயிருக்கும், பட்டைய சேசிஸோட இணைக்கற ஷாக்கிள் பின்னு ஆடும், பட்டைய ஆக்சிலோட கட்டற யூ போல்ட் லூசா இருந்தா பட்டைக்கும் ஆக்சில் பேடுக்கும் நடுவுல செவப்பா துரு பொடி வழிஞ்சிருக்கும், அத பாத்தாலே தெரியும். ரெண்டு பட்டை உரசற எடம் கண்ணாடியா மின்னும். பட்டைகள நடுவுல கோத்திருக்கற சென்டர் போல்ட் அறுந்திருந்தா ஆக்சில் ஒரு பக்கம் நகந்து வண்டி நண்டு மாதிரி கோணலா ஓடும். இதெல்லாம் அப்படியே வெச்சுட்டு மேல ஒரு பார மாட்டினா நோய மறைக்கறதுதான், சரி பண்றதில்ல.

சேலம் டீசல்:
அண்ணா சொன்ன செக்கிங் எல்லாம் சரிதான், ஆனா "வேண்டாம்"ங்கறத ஒத்துக்க முடியாது. பார் என்ன செய்யுதுன்னு பாக்கணும். அது ஒரு முறுக்கு ஸ்ப்ரிங், அவ்ளோதான். ரெண்டு சக்கரமும் சேந்து மேடு ஏறினா அது சும்மா சுழலும், ஒரு சக்கரம் மட்டும் மேல போனா தான் முறுக்கிட்டு எதிர்க்கும். அதனால எம்ப்டி வண்டில இடுப்பு உடையாது. நம்மாளுங்க சாய்வுக்கு வழக்கமா பண்றது என்ன, எக்ஸ்ட்ரா பட்டை சேக்கறது. அதுல வண்டி பின்னாடி தூக்கிரும். பல பிக்கப்ல பின் ஆக்சில்ல இருந்து சேசிஸுக்கு ஒரு சின்ன ராடு வந்து பிரேக் வால்வுல மாட்டியிருக்கும், லோடு எவ்ளோன்னு வண்டி எறங்கற உயரத்த வெச்சுதான் அது கணக்கு போடும். பின்னாடி தூக்கிட்டா முழு லோடுலயும் "வண்டி காலி"ன்னு நெனச்சு பின் பிரேக்க கொறச்சிரும். மலை இறக்கத்துல அத விட ஆபத்து வேற என்ன வேணும்? பார் போட்டா உயரம் மாறாது. அமெரிக்காவுல பழைய பிக்கப் மேல கேம்பர் (தங்கற கூண்டு) வெச்சு ஓட்டறவங்க ஹெல்விக் மாதிரி கம்பெனி பார தேடி தேடி மாட்டறது இதுக்குத்தான்.

பட்டைக்கடை ஈரோடு:
அந்த வால்வு விஷயம் நெசம், பட்டை சேத்தா ராட திரும்ப செட் பண்ணனும், பண்றவங்க கம்மி. ஆனா நீங்க ஒண்ண விட்டுட்டீங்க. பின்னாடி மட்டும் விறைப்பு ஏத்தினா வளைவுல வெளிப்பக்க பின் டயர் மேல பாரம் கூடுதலா விழும், உள்பக்க டயர் லேசாகும், பிடிப்பு கொறையும். மழைல எம்ப்டியா திரும்பி வர்றப்ப வால் வெளிய போறது எப்பன்னே தெரியாது. கம்பெனிக்காரன் பின்னாடி போடாம விட்டது காசு மிச்சம் புடிக்க மட்டும்னு நெனைக்கறீங்களா?

நாலாம் பெருக்கு:
நான் சஸ்பென்ஷன் டிசைன் வேலைல இருக்கேன், கணக்கு பாத்துருவோம். திம்பத்துல ஒரு வளைவோட ஆரம் 12 மீட்டர்னு வைங்க. 20 கிமீ வேகத்துல பக்கவாட்டு விசை 0.26 ஜி, அதாவது வண்டி எடைல 0.26 பங்கு. அதே வளைவு 30 கிமீல 0.59 ஜி. இப்ப வண்டி கவிழற எல்லை, சக்கர அகலத்துல பாதிய ஈர்ப்பு மைய உயரத்தால வகுத்தா வரும். அகலம் 1.5 மீட்டர், மையம் 1 மீட்டர்னா 0.75 ஜி. மூட்டைய மேல மேல ஏத்தி மையம் 1.2 மீட்டர் ஆச்சுன்னா 0.62 தான். பாடி சாயறதால நெசத்துல இதுவும் கொஞ்சம் கொறையும். 30ல போனா எவ்ளோ பக்கத்துல வந்து நிக்கறோம்னு பாருங்க. பார் சாய்வ கொறைக்கும், அதனால மையம் வெளிய நகர்றது கொஞ்சம் கொறையும், ஆனா இந்த எல்லைய பெருசா தள்ளாது. உயரமும் வேகமும்தான் தள்ளும்.

அப்பறம் அந்த ஃபேப்ரிகேஷன் கடை. பாரோட விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும், 20 மிமீக்கு பதிலா 22 போட்டாலே 46 சதவீதம் கூடிரும், கண்ணளவுல கம்பி எடுத்து மாட்டக்கூடாது. சாதா எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) கம்பில செஞ்சாலும் மொதல்ல விறைப்பு அதேதான் இருக்கும், அதனால டெஸ்ட் ஓட்டறப்ப சூப்பரா தெரியும், ஆனா நல்லா முறுக்கினதும் வளைஞ்சு அப்படியே நின்னுரும். ஸ்ப்ரிங் ஸ்டீல் வேணும், சூடு பண்ணி பதம் போட்டது வேணும், அது மேல வெல்டிங் வெக்கவே கூடாது, அந்த எடத்துலயே விரியும்.

சேலம் டீசல்:
கணக்குக்கு நன்றி ப்ரோ, ஆனா கவிழறது ஒண்ணு மட்டும்தான் பிரச்சனையா? ஒரு வளைவு முடிஞ்சு அடுத்தது எதிர்ப்பக்கம் வருது, பாடி இந்தப் பக்கம் சாஞ்சு நிமிந்து அந்தப் பக்கம் ஓடறப்ப தான் லோடு கயிறு லூசாகுது, டிரைவரும் ஸ்டீயரிங்க திருத்தி திருத்தி சோந்து போறாரு. ஆடி மாசம் கோயமுத்தூர் பொள்ளாச்சி ரோட்டுல பாலக்காட்டு கணவாய் காத்து பக்கவாட்டுல அடிக்கறப்ப வைக்கோல் லோடு ஏத்திட்டு போய் பாருங்க, வண்டிய தள்ளறது கைல தெரியும். அங்க பாரும் நல்ல ஷாக் அப்சார்பரும் இருந்தா எவ்ளோ நிம்மதின்னு ஓட்டினவனுக்குத்தான் தெரியும்.

பட்டைக்கடை ஈரோடு:
அந்த நிம்மதி தான் எனக்கு பயம். சாயறது வண்டி டிரைவர்கிட்ட "போதும்"னு சொல்றது. அத அமுக்கிட்டா 20ல எடுத்த வளைவ 28ல எடுப்பாங்க, அதுவும் திம்பத்துல ராத்திரி வண்டி விடறதில்ல, நேரத்துக்குள்ள செக்போஸ்ட்ட தாண்டணும்னு எல்லாரும் வெரட்டிட்டுதான் ஓட்டறாங்க.

எஃப்சி தேதி:
நடுவுல ஒரு விஷயம். சேசிஸ்ல ஓட்டை போடறது, வெல்டிங் வெக்கறதெல்லாம் மோட்டார் வாகன சட்டம் 52ம் பிரிவு (வண்டிய மாத்தி அமைக்கறது) பக்கம் போகும், எஃப்சிலயும் (தகுதிச் சான்று) கேப்பாங்க, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்களும் அத புடிச்சுக்குவாங்க. ஓட்டை இல்லாம கிளாம்ப்ல மாட்டற மாதிரி இருந்தா பாருங்க. பார் போட்டதால பேலோடு (ஏத்தக்கூடிய எடை) அதிகமாகாதுங்கறதும் ஞாபகம் இருக்கட்டும். அதே சட்டம் 194ம் பிரிவுல ஓவர்லோடுக்கு 20,000 ரூபா, கூடுதலா ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, லோடு அனுமதிச்ச உயரத்த தாண்டி இருந்தாலும் அதே 20,000.

தாளவாடி லோடு:
எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்கு கீழ படுத்து பாத்தேன், அண்ணன் சொன்ன மாதிரி இடதுபக்க யூ போல்ட் கிட்ட செவப்பு பொடி வழிஞ்சிருக்கு, பின் ஷாக் ரெண்டுலயும் ஆயில் கசிவு. மொதல்ல புஷ், யூ போல்ட், ஷாக் மாத்தறேன். கோச மூணு அடுக்குக்கு மேல ஏத்தறதில்லன்னு முடிவு பண்ணியாச்சு, உருளை மூட்டைய கீழ போட்டு கோச மேல வெக்கறேன். ஆனா காத்தடிக்கற சீசனுக்கு பார் வேணும்னு தான் இன்னும் தோணுது. கம்பெனி பார் கெடச்சா லிங்க் புஷ் (பார் மாட்டற எடத்துல வர்ற மெத்தை) ரப்பரா, பாலியூரிதேனா?

சேலம் டீசல்:
ரப்பர் போதும்ங்க, பாலி சத்தம் போடும், அடிக்கடி கிரீஸ் கேக்கும். பார மெலிசா ஆரம்பிங்க. பிரேக் வால்வு ராடுலயும் ஹேண்ட்பிரேக் கேபிள்லயும் இடிக்கலன்னு முழு லோடுல ஒரு தடவ பாத்துருங்க.

பட்டைக்கடை ஈரோடு:
என் பேச்சு மாறல, பின்னாடி பார் நான் மாட்டித் தரமாட்டேன். ஆனா பட்டை புஷ் மாத்தறப்ப ஷாக்கிள் நட்ட ஜாக்கி மேல தொங்கவிட்டு முறுக்க விடாதீங்க தம்பி. வண்டிய தரைல எறக்கி, பாதி லோடாவது வெச்சு, அப்பறம் தான் கடைசி முறுக்கு. இல்லன்னா புதுப் புஷ் லோடு ஏறின உடனே முறுக்கிட்டு நின்னு சீக்கிரம் கிழிஞ்சிரும். யூ போல்ட்ட ஒரு வாரம் ஓட்டிட்டு வந்து திரும்ப டைட் வைங்க.