வகைமயக்கமா, கலப்பா?

மொரீஷியஸின் குவாத்ர் போர்னிலிருந்து தமிழ் ஆசிரியை:

வணக்கம். ஹெச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்காக நாவல் பற்றி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். துப்பறியும் கதை, அறிபுனை (அறிவியல் புனைகதை), சரித்திர நாவல், திகில், காதல் என ஒவ்வொன்றுக்கும் தமிழில் சொல் இருக்கிறது. இவற்றில் இரண்டு மூன்று ஒரே நாவலுக்குள் கூடி வந்தால் அதற்கு என்ன பெயர்? போன வாரம் வகுப்பில் சொல் கிடைக்காமல் 'கிராஸ் ஜானர்' என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் என்று இருக்கும் பிள்ளைகள். தமிழ் வகுப்புக்கு வந்தும் அதே ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டு போனார்கள். எனக்கே வெட்கமாகிவிட்டது. வியாழக்கிழமை அடுத்த வகுப்பு. அதற்குள் ஒரு சொல் தாருங்கள்.

போர்ட் லூயிஸிலிருந்து:

இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை அம்மா? 'கலப்பு நாவல்' என்று போடுங்கள். சின்னப் பிள்ளைக்கும் புரியும். கலப்பு என்றால் கலப்படம் என்று யாராவது முகம் சுளிக்கலாம். இந்தத் தீவில் கலக்காதது என்ன இருக்கிறது? நம் தீவின் சேகா இசையையும் ரெகே இசையையும் கலந்து நம் பாடகர் காயா 'செகே' என்று பாடவில்லையா? இரண்டு பெயரையும் ஒட்டினார்கள், வேலை முடிந்தது. பீர்க்கங்காய் இங்கே 'பிப்பங்காய்' ஆனதற்கு யாரும் குழு போட்டு விவாதிக்கவில்லை.

வாக்குவாவிலிருந்து:

என் பங்குக்கு 'ஒட்டு நாவல்'. ஒட்டு மாமரம் என்கிறோமே, அதுபோல. ஒரு வகை வேர், இன்னொரு வகை கிளை. எழுதி அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது: ஒட்டு நாவல் என்றால் ஜாம்ப்லோன் (நாவல் பழம்) கன்று விற்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். 'ஒட்டுப் புதினம்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

மூவருக்கும் வணக்கம். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கலப்பு. போர்ட் லூயிஸ் ஐயா சொல்வதுபோல் அதில் எனக்கு எந்த முகச்சுளிப்பும் இல்லை. என் குறை வேறு. எது எதோடு கலந்தது, எப்படிக் கலந்தது என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறப்பதில்லை. பாலில் தண்ணீரும் கலப்புதான், அரிசியில் கல்லும் கலப்புதான். 'செகே' நல்ல சொல். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட சேர்க்கையின் பெயர். நமக்கு வேண்டியது எல்லாச் சேர்க்கைக்கும் பொதுவான பெயர். அறிபுனையும் திகிலும் சேர்ந்தால் 'அறிதிகில்', சரித்திரமும் காதலும் சேர்ந்தால் வேறொன்று என்று போனால் வியாழக்கிழமை ஆசிரியை அம்மா அகராதியோடுதான் வகுப்புக்குள் நுழைய வேண்டும்.

ஒட்டு என்பது எனக்குப் பிடித்தது, அந்த ஜாம்ப்லோனுக்காகவே. வேர் ஒன்று, கிளை ஒன்று என்ற எண்ணமும் சரியானது. ஆனால் ஒட்டுச்செடியில் ஒட்டிய இடம் கடைசிவரை வடுவாகத் தெரியும். நல்ல நாவலில் தெரியாது.

என் பரிந்துரை 'வகைமயக்கம்'. புதிதாக நான் கண்டுபிடித்ததில்லை. 'திணை மயக்குறுதலும் கடிநிலை இலவே' என்று தொல்காப்பியம் சொல்லி வைத்த சொல்லை ஓர் அடி நகர்த்துகிறேன், அவ்வளவுதான். திணைகள், அதாவது நிலமும் அதற்குரிய உணர்வுமாகப் பழம்பாடல்களைப் பிரித்த வகைகள், ஒன்றோடொன்று மயங்கலாம் (கலக்கலாம்), தடையில்லை. அதே சூத்திரம் அடுத்த அடியில் ஒரு வரம்பு கட்டுகிறது: நிலம் மட்டும் ஒருங்கே மயங்காது. நெய்தல் நிலத்தில் பாலையின் பிரிவைப் பாடலாம். ஆனால் ஒரே இடம் ஒரே நேரத்தில் கடற்கரையாகவும் மலையாகவும் இருக்க முடியாது.

இந்த வரம்பை நாவலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நாம் வகை என்று சொல்லும் எல்லாமே ஒரே மாதிரியான வகைகள் அல்ல. அறிபுனை, சரித்திரம், மாயக்கதை மூன்றும் நிலத்தைச் சொல்கின்றன: கதை எந்த உலகத்தில், எந்தக் காலத்தில் நடக்கிறது, அங்கே எது நடக்கும், எது நடக்காது என்பதை. காதல், திகில், நகைச்சுவை ஆகியவை உரிப்பொருள், அதாவது பாட்டின் உணர்வு. எந்த உலகத்திலும் மனிதர் காதலிப்பார்கள், பயப்படுவார்கள், சிரிப்பார்கள். துப்பறிதலோ இரண்டிலும் சேராது. அது கதையின் எலும்பு: முதலில் ஒரு கேள்வி, கடைசியில் ஒரு விடை. அதனால்தான் நிலத்தோடு உரி எளிதாகச் சேர்கிறது, எலும்பு எதோடும் சேர்கிறது. நிலத்தோடு நிலம் மோதும்போதுதான் எழுத்தாளர் கை நடுங்குகிறது.

துப்பறியும் கதையும் அறிபுனையும் சேரவே சேராது என்று அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் சொல்லிவந்தார். கதை முடிகிற நேரத்தில் துப்பறிபவர் சட்டைப்பையிலிருந்து புதுக் கருவி ஒன்றை எடுத்துக் குற்றவாளியைப் பிடித்துவிட்டால் வாசகர் ஏமாந்துபோவாரே என்பது சிக்கல். சேரும் என்று ஐசக் அசிமோவ் எழுதியே காட்டினார். 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' 1954இல் நூலானது. வழி எளிது: அந்த உலகத்தின் விதிகளை முன்கூட்டியே சொல்லிவிடுவது, பிறகு அவற்றை மீறாமல் இருப்பது. நிலத்தை முதலில் உறுதி செய்துவிட்டார், அதன்மேல் எலும்பு நின்றது.

தமிழில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இதற்கு மறுபக்கம். நடப்பதெல்லாம் பேயா, விஞ்ஞான வித்தையா என்ற இழுபறிதான் அந்த நாவல். இரண்டும் ஒரே உலகத்தில் உண்மையாக இருக்க முடியாது என்பது வாசகருக்குத் தெரியும். தெரிவதால்தான் பக்கம் புரள்கிறது. நிலம் மயங்காது என்ற விதியையே கதையின் இயந்திரமாக்கியிருக்கிறார்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்றும் யாரும் எண்ண வேண்டாம். 1879இல் வெளிவந்த நம் முதல் நாவல் பிரதாப முதலியார் சரித்திரத்தில் காதல் உண்டு, சாகசம் உண்டு, கிளைக்கதை உண்டு, நகைச்சுவை உண்டு, உபதேசமோ வேண்டிய மட்டும் உண்டு. ஞானாம்பாள் ஆண் வேடமிட்டு நாடே ஆள்கிறாள். தமிழ் நாவல் பிறந்தபோதே மயங்கித்தான் பிறந்தது. பெயர் வைக்கத்தான் நாம் மறந்துவிட்டோம்.

குவாத்ர் போர்ன் ஆசிரியை:

ஐயா, மிக்க நன்றி. ஆனால் ஓர் இடைஞ்சல். உங்கள் மடலைப் படித்துவிட்டு என் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "படிச்சா மயக்கம் வருமா அம்மா?" என்கிறாள். இன்றைய காதுக்கு மயக்கம் என்றால் தலைசுற்றல்தான். இரண்டாவது சந்தேகம்: காதல் கதையாகத் தொடங்கிப் பாதியில் திகிலாகத் திரும்பும் நாவல்கள் இருக்கின்றன. அவற்றில் எதுவும் கரைவதில்லை, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. அதையும் மயக்கம் என்பதா?

வாக்குவாவிலிருந்து:

அதற்குக் 'கலம்பகம்' பொருந்துமே? ஒரே சிற்றிலக்கியத்துக்குள் பதினெட்டு உறுப்பு, பலவகைப் பா.

ரோஸ் ஹில்:

கலம்பகம் வேண்டாம். அதில் உறுப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், வாழை இலையில் ஏழு கறி வைப்பதுபோல. சிறுகதைத் தொகுப்புக்கு ஆகும், நாவலுக்கு ஆகாது.

அம்மாவின் இரண்டாவது சந்தேகம் என்னை மடக்கிவிட்டது, மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்கிறேன். வெண்பாவாகத் தொடங்கி ஆசிரியப்பாவாக முடியும் பாட்டுக்கு மருட்பா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்வோம்: நடுவில் வகை மாறும் நாவல் 'மருள் நாவல்'. மருள் என்றால் அச்சம் என்றும் பொருள், காதலில் தொடங்கித் திகிலில் முடிவதற்கு அந்த 'மருள்' இன்னும் பொருத்தம்.

மகளின் கேள்விக்கு: மயக்கம் வந்தால் வரட்டும். சொல் கேட்டதும் பிள்ளைகள் சிரித்தால் அது மறக்காது. சிரித்து முடிந்ததும் 'நிலம் மயங்காது' என்பதைக் கரும்பலகையில் எழுதி, அவர்களுக்குத் தெரிந்த ஒரு சினிமாக் கதையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது நிலம், எது உரி, எது எலும்பு?

போர்ட் லூயிஸ்:

நிலம், உரி, எலும்பு எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. புத்தகக் கடைத் தட்டில் 'வகைமயக்க நாவல்' என்று எழுதி ஒட்டினால் யார் கை வைப்பார்? என் ஓட்டு இன்னும் கலப்புக்குத்தான்.

குவாத்ர் போர்ன் ஆசிரியை:

கடைத் தட்டை உங்களுக்கே விட்டுவிடுகிறேன் ஐயா. என் குறிப்பில் இப்படி அச்சாகிறது: 'வகைமயக்கம்: ஒரே நாவலில் இரண்டோ பலவோ கதைவகைகள் ஒன்றில் ஒன்று கரைந்து நிற்பது. மருள் நாவல்: ஒரு வகையாகத் தொடங்கி மற்றொரு வகையாக முடிவது.' கீழே அடைப்புக்குறிக்குள் 'கலப்பு நாவல் என்றும் சொல்வர்' என்று சேர்த்திருக்கிறேன். பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.